பட்டறைச் சுவரில் 'மேட் மேக்ஸ்' போட்டுக் காட்டுவது எப்படி

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பதினெட்டு வருடமாக வயரிங் வேலை செய்கிறேன். 2015-இல் வந்த 'மேட் மேக்ஸ்: ப்யூரி ரோட்' படத்தை இதுவரை மூன்று தடவை ஆட்களைக் கூட்டி வைத்துப் போட்டுக் காட்டியிருக்கிறேன். இரண்டு தடவை பட்டறையில், ஒரு தடவை திருச்செங்கோட்டுப் பக்கம் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டு வாசலில். முதல் தடவை அரை மணி நேரத்தில் பாதிப் பேர் எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டார்கள். அது படத்தின் குற்றமில்லை. காட்டிய விதம் சரியில்லை. நம் பக்கத்து ஆட்களுக்கு இந்தப் படத்தைக் காட்ட நினைப்பவர்களுக்காக நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதை என்றால் நம்மவர்களுக்கு ஒட்டாது என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாறைக் கோட்டை மேல் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான். அடி ஆழத்துத் தண்ணீரை மேலே ஏற்றும் பம்பு முழுக்க அவன் கையில். கீழே வறண்ட மண்ணில் ஜனங்கள் குண்டானைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார்கள். சில நொடி திறந்துவிட்டு மூடிவிடுகிறான். ஆயிரம் அடி போர் போட்டு, விடிய விடியப் பக்கத்தில் நின்று, கடைசியில் புழுதி மட்டும் பறந்ததைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதில் எதை விளக்க வேண்டும்? திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய்வந்த என் மாமா அந்தக் காட்சியில் நாற்காலியை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டார்.

முதலில் யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்யுங்கள். குழந்தைகள் வேண்டாம். பெண்களை அடைத்து வைத்திருப்பது, கர்ப்பிணி ஒருத்தி சாவது, ரத்தம் எல்லாம் இருக்கிறது. பெரியவர்களிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாங்கள் டிக்கெட் போடவில்லை, பட்டறை ஆட்களும் சொந்தபந்தமும் மட்டும்தான். ஊர்ப் பொதுவில் போடுவதானால் படத்துக்கு உரிமை வைத்திருப்பவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும்.

அடுத்தது சுவர். வெள்ளை பிரைமர் இரண்டு கோட் அடித்தால் போதும். எனாமல் அடிக்காதீர்கள், பளபளப்பில் வெளிச்சம் திருப்பி அடிக்கும். இந்தப் படம் நன்றாக அகலமான படம். பதினாலு அடி அகலத்துக்குப் போட்டால் உயரம் ஆறடிகூட வராது. ஆகவே அகலத்தைக் கணக்குப் பண்ணிச் சுவரைத் தேர்ந்தெடுங்கள். புரொஜெக்டர் 3,000 லூமெனுக்குக் குறையாமல் இருக்கட்டும். முதல் தடவை நான் வாடகைக்கு எடுத்து வந்தது பல்பு தேய்ந்துபோன பெட்டி. பகல் காட்சிகூட மங்கலாகத் தெரிந்தது. வாங்கும்போதே கடையில் போட்டுப் பார்த்து எடுங்கள். ஊரில் துணி கட்டிக் காட்டுவதானால் ஆடி மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று துணியைப் பாய்மரம் மாதிரி உப்பச் செய்யும். வேறு வழியில்லையென்றால் நாலு பக்கமும் ரீப்பர் கட்டை அடித்து இறுக்குங்கள்.

ஒலிக்குக் காசு செலவழிக்கலாம். ஆஸ்கரில் இந்தப் படத்துக்குக் கிடைத்த ஆறு விருதில் இரண்டு ஒலிக்காகத்தான். மைக் செட்காரரிடம் குழாய் ஸ்பீக்கர் வேண்டாம், பாஸ் வருகிற பாக்ஸ் இரண்டு வேண்டும் என்று சொல்லுங்கள். லேப்டாப்புக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுங்கள். வேறு வேறு இடத்திலிருந்து எடுத்தால் 'உம்ம்' என்று ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். படம் ஓடும்போது பேசாதீர்கள். முதல் தடவை நான் மைக்கைப் பிடித்து வசனம் வசனமாகத் தமிழில் சொன்னேன். அதுதான் கெடுத்தது. படத்தில் வசனமே கொஞ்சம்தான். இயக்குநர் ஜார்ஜ் மில்லர் 3,500 சித்திரங்களாக வரைய வைத்து, அதைப் பார்த்து எடுத்த படம் இது. கண்ணால் பார்த்தாலே கதை ஓடும். ஆனால் முகம் குழம்பும். கதாநாயகன் முகத்தில் முதல் அரை மணி நேரம் இரும்புக் கவசம், வில்லன் முகத்தில் கடைசிவரை பல்லுக் கவசம், வில்லனின் படையில் வரும் பொடியன்கள் அத்தனை பேரும் வெள்ளைப் பூச்சு. அதனால் படத்துக்கு முன்னால் பத்து நிமிடம் ஆட்களை அறிமுகப்படுத்துங்கள். பேர் சொல்லிப் பயனில்லை, அடையாளம் சொல்லுங்கள்.

இரும்புக் கை, மொட்டைத் தலை, நெற்றியில் கிரீஸ் பூசியவள் ஃப்யூரியோசா. டேங்கர் ஓட்டுகிறவள் அவள்தான், கதையும் அவளுடையது. நடித்தவர் சார்லிஸ் தெரோன், தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். இந்தப் பாத்திரத்துக்காக நிஜமாகவே மொட்டை போட்டுக்கொண்டார். வண்டியின் முன்னால் கட்டித் தொங்கவிட்டிருப்பவன் மேக்ஸ், நடித்தவர் டாம் ஹார்டி. எல்லோருக்கும் செலுத்தக்கூடிய ஓ நெகட்டிவ் ரத்தம் என்பதால் அவனை ரத்தப் பை மாதிரி கட்டி வைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னதும் எங்கள் டிரைவர் அண்ணன் லைசென்ஸை எடுத்துத் தன் ரத்த வகையைப் பார்த்தார். அந்த ரத்தத்தை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டும் வெள்ளைப் பூச்சுப் பையன் நக்ஸ். நடித்தவர் நிக்கோலஸ் ஹௌல்ட். இவனை நன்றாகக் காட்டிக் கொடுங்கள். முதலில் எதிரி, அப்புறம் மனசு மாறுகிறான். அவனை அடையாளம் தெரியாமல் போனால் கடைசிக் காட்சி வீணாகிவிடும்.

வில்லன் இம்மார்ட்டன் ஜோ. நடித்த ஹ்யூ கீஸ்-பர்ன் 1947-இல் ஸ்ரீநகரில் பிறந்தவர். 1979-இல் இதே மில்லர் எடுத்த முதல் 'மேட் மேக்ஸ்' படத்திலும் அவர்தான் வில்லன். அதில் மேக்ஸாக மெல் கிப்சன். முப்பத்தாறு வருடம் கழித்து அதே இயக்குநர் அதே ஆளைக் கூப்பிட்டு வேறு முகத்தோடு நிறுத்தியிருக்கிறார். முகத்தில் பாதி மறைந்திருந்தும் அந்தக் கண் ஒன்றே நம்மைப் பிடித்துவிடும். அவர் 2020-இல் காலமாகிவிட்டார்.

ஜோவின் மகனாக வரும் மலை மாதிரி ஆளை நம்மவர்கள் தானாகவே கண்டுபிடிப்பார்கள். அவர் நேதன் ஜோன்ஸ். 'பூலோகம்' படத்தில் ஜெயம் ரவியோடு குத்துச்சண்டை போட்டவர் அவர்தான், அதுவும் 2015-இல் வந்த படம்தான். இதைச் சொன்ன நிமிடத்தில் கூட்டத்தில் பாதி அந்நியம் போய்விட்டது. எல்லா நடிகர்களையும் சொல்ல வேண்டியதில்லை. ஜோ அடைத்து வைத்திருந்து, ஃப்யூரியோசாவின் டேங்கரில் தப்பித்து வரும் ஐந்து பெண்களை 'ஐந்து பேர்' என்றால் போதும்.

பட்டறை ஆட்களுக்குக் காட்டுவதானால் வண்டிகளைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். இந்தப் படத்துக்காக ஏறக்குறைய 150 வண்டிகள் கட்டினார்கள். பெரும்பாலும் நிஜ வண்டி, நிஜ ஓட்டம், நிஜ மோதல். பெரிய டேங்கர் செக் நாட்டு டாட்ரா சேசிஸ் மேல் பழைய ஷெவர்லே காரின் உடம்பை வெட்டி ஒட்டியது. ஜோவின் வண்டி, 1959 மாடல் கேடில்லாக் இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி வெல்டிங் பண்ணியது. ஸ்பீக்கர் அடுக்கின வண்டி, ஏவுகணை தூக்க வைத்திருந்த எட்டுச் சக்கர மேன் லாரி. அதன் முன்னால் கயிற்றில் தொங்கிக்கொண்டு நெருப்புக் கக்கும் கிதார் வாசிக்கிறவர் ஐயோட்டா என்ற ஆஸ்திரேலியப் பாடகர், அந்த நெருப்பும் நிஜம்தான். வண்டியின் பின்பக்கம் முரசு அடித்துக்கொண்டே வருவார்கள். எங்கள் டிங்கர், "நோம்பிக்கு ஜமாப் போற மாதிரி சண்டைக்குப் போறாங்க பாருங்க" என்றார். நோம்பி என்றால் எங்கள் பக்கம் திருவிழா, ஜமாப் என்றால் மேளக் கூட்டம். அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது.

நீளக் கம்பத்தின் உச்சியில் ஆள் ஆடிக்கொண்டே அடுத்த வண்டிக்குச் சாய்கிற காட்சிகள் வரும். அதை நிஜமாக எடுப்பது ஆபத்து, கம்ப்யூட்டரில்தான் செய்ய வேண்டும் என்று மில்லர் முதலில் நினைத்திருக்கிறார். சண்டைப் பயிற்சியாளர் கய் நாரிஸ் அடிப்பகுதியில் எதிர் எடை கொடுத்து, ஓடும் வண்டியிலேயே செய்து காட்டினார். எங்கள் வெல்டர் அண்ணன் பார்த்ததும் எடை எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்தார்.

வெட்டு வேகமாக விழும் படம். மில்லரின் மனைவி மார்கரெட் சிக்ஸல் சுமார் 480 மணி நேரக் காட்சியிலிருந்து இரண்டு மணி நேரத்தைத் தொகுத்தெடுத்தார். விருதும் வாங்கினார். கண் தடுமாறாமல் இருக்க, முக்கியமானதை எப்போதும் திரையின் நடுவில் வைத்தே எடுத்திருக்கிறார்கள். அதனால் திரையின் அடியில் ஓடும் ஆங்கில வசன வரிகளை அணைத்துவிடுங்கள். கண் கீழே போனால் அந்த ஏற்பாடு வீண்.

இடைவேளை இல்லாமல் நம்மவர்களால் உட்கார முடியாது. ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் தாண்டியதும், தேடி வந்த பசுமையான ஊரே இல்லை என்று தெரிந்து ஃப்யூரியோசா மணலில் மண்டியிட்டுக் கத்தும் இடம் வரும். அங்கே நிறுத்துங்கள். நாங்கள் அந்த நேரத்தில் அரிசிம்பருப்பு சாதம் போட்டோம். சாப்பிடும்போது, இனி எங்கே போவார்கள் என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டார்கள். வந்த வழியே திரும்பிக் கோட்டையைப் பிடிக்கலாம் என்று சரியாகச் சொன்னவர் கிளீனர் பையன் ஒருத்தன்.

அதற்கு முன்னால் நீல நிறத்தில் ஒரு இரவுக் காட்சி வரும், சேற்றில் வண்டி மாட்டிக்கொள்ளும் இடம். அதைப் பகலில் எடுத்து இரவாக மாற்றியிருக்கிறார்கள். மங்கலான காட்சி என்பதால் பட்டறை லைட்டையும் வாசல் லைட்டையும் அணைத்துவிடுங்கள்.

இடைவேளைக்குப் பிறகு விதைக்காரக் கிழவி வருவாள். மெலிசா ஜாஃபர் என்ற வயதான நடிகை. தோல் பையைத் திறந்து விதைகளை ஒரு பெண்ணிடம் காட்டுவாள், போகிற இடமெல்லாம் ஊன்றிப் பார்க்கிறேன், இன்னும் ஒன்றும் பிடிக்கவில்லை என்பாள். இந்தக் காட்சியில் ஒலியைச் சற்றுக் கூட்டி வையுங்கள், மெதுவாகப் பேசுவார்கள். அம்மிச்சிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் என் கையைத் தட்டி, "ஏங்கண்ணு, அது வெதக் கலயம் வெச்சிருக்கறவதானே?" என்றார். அம்மிச்சியும் அவரை விதையும் சோளமும் சாம்பலில் புரட்டிக் கலயத்தில் போட்டு வைத்திருந்தவர். கடைசியில் அந்தப் பை யார் கைக்குப் போகிறது என்பதை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தார்.

அறிமுகம் செய்யும்போது படம் எடுத்த கதையில் ஒன்றைச் சொல்லலாம். முதலில் ஆஸ்திரேலியாவில் புரோக்கன் ஹில் என்ற வறண்ட இடத்தில்தான் எடுப்பதாக இருந்தார்கள். எதிர்பாராத மழை பெய்து அங்கே பூவாகப் பூத்துவிட்டது. பாலைவனம் தேடி நமீபியாவுக்குப் போய் 2012-இல் எடுத்தார்கள். மழை வந்து வேலை கெட்டது என்று கேட்டதும் எங்கள் மாமா வெகுநேரம் சிரித்தார்.

முடியும்போது தண்ணீர் மேலிருந்து கொட்டும், மேக்ஸ் கூட்டத்துக்குள் மறைந்துவிடுவான். உடனே லைட்டைப் போடாதீர்கள். பேர்கள் ஓடி முடியட்டும். லேப்டாப்பையும் மூடிவிட வேண்டாம். மூன்றாம் தடவை எங்கள் வெல்டர் அண்ணன் எழுந்து, குறுகலான பாதையில் டேங்கர் கவிழ்கிற இடத்தை மறுபடி போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று இரவு பதினொன்றரை வரை அந்தத் துண்டை மட்டும் ஓட்டினோம். அப்புறம் அவர் ஷெட்டில் பாதி கட்டி நின்ற டேங்கர் பக்கம் டார்ச் அடித்துக்கொண்டு போய், டேங்கரை இழுவை வண்டியோடு மாட்டும் கிங்பின் இருக்கும் இடத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.