கப்பலின் காலா இரவுக்கு உடை தேர்ந்தெடுப்பது எப்படி?

காலா இரவு என்பது சொகுசுக் கப்பல் பயணத்தில் சம்பிரதாய உடையுடன் கலந்துகொள்ளும் விருந்து மாலை. அப்படி அலங்கரித்துக்கொண்டு விருந்துக்குச் செல்வது உங்களுக்கு மகிழ்ச்சி தருமா என்பதைப் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே தீர்மானித்துவிடுங்கள். ஏனெனில் எந்தக் கப்பலில் செல்வது என்பதையே அந்த விடைதான் முடிவுசெய்யும். விருப்பமில்லாதவர்களுக்கு, சம்பிரதாய உடையைக் கட்டாயமாக்காத நார்வீஜியன் குரூஸ் லைன் போன்ற நிறுவனங்கள் பொருந்தும்.

சவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே வழக்கமாக 7 இரவுகளில் அட்லாண்டிக்கைக் கடக்கும் குனார்டு நிறுவனத்தின் குயின் மேரி 2 கப்பலில் நிலைமை வேறு. இடையில் இறங்கிச் சுற்றிப்பார்க்கத் துறைமுகம் எதுவும் இல்லாத அந்த நீண்ட நாட்களில், மாலை விருந்துக்காக நிதானமாகத் தயாராவதே பயணத்தின் பெரும் இன்பம் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். காலா இரவுகளில் ஆண்கள் டக்சீடோவோ (வில் வடிவ டையுடன் அணியும் விருந்து சூட்) டை கட்டிய அடர்நிற சூட்டோ அணிவார்கள். பெண்கள் பெரும்பாலும் நீண்ட கவுன் அணிவார்கள். அவரவர் நாட்டின் சம்பிரதாய உடையும் ஏற்கப்படுவதால், பட்டுப்புடவையைத் தயங்காமல் எடுத்துச்செல்லலாம்.

காலா இரவின் உடைக்குக் கறுப்பு வெள்ளை போன்ற கருப்பொருள் அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பெட்டி கட்டுவதற்கு முன் பாருங்கள். தீவிபத்து அச்சத்தால் சொந்த இஸ்திரிப்பெட்டிக்கு அனுமதி இல்லை. கப்பலின் சலவை அறையிலேயே தேய்த்துக்கொள்ளலாம். ஆண்களுக்கு ஒரே சூட் போதும், சட்டையை மட்டும் மாற்றலாம். களைப்பாக இருக்கும் இரவில் கப்பலிலுள்ள கிங்ஸ் கோர்ட் என்ற பஃபே உணவகத்தில் எளிய உடையிலேயே சாப்பிடலாம்.