கடல் சூடும் வெப்பமண்டலக் காற்றும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்கும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வழக்கத்தைவிடச் சூடாவதுதான் எல் நினோ. அந்தச் செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு வரைபடமும் வரும். பசிபிக்கின் நடுவில் தொடங்கி பெரு கரை வரை நீளும் சிவப்புப் பட்டை. பார்த்தவுடன், "கடல் அங்கே கொதிக்கிறது, காற்றும் வேகமெடுக்கும்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். இந்த ஒரு வரியில் இரண்டு தவறுகள் இருக்கின்றன.

முதலில் அந்தச் சிவப்பு. பெரும்பாலும் அது கடலின் வெப்பநிலையைக் காட்டுவதில்லை. வழக்கமான அளவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. வழக்கமாக 22 டிகிரி இருக்கும் பெரு பக்கத்துக் கடல் 25 ஆனால் அடர்சிவப்பு. இந்தோனேசியா பக்கம் வழக்கம்போல 29 டிகிரியில் இருக்கும் கடலோ நிறமே இல்லாமல் கிடக்கும். உயர்ந்த மழைமேகங்கள் எழ ஏறக்குறைய 27, 28 டிகிரி வேண்டும். அதனால் 22 டிகிரி 25 ஆவதைவிட, 27.5 டிகிரி 28.5 ஆவது வானத்தை அதிகம் கலக்கிவிடலாம். விலகல் வரைபடத்தோடு உண்மையான வெப்பநிலை வரைபடத்தையும் திறந்து வைத்துப் பாருங்கள்.

அடுத்தது காற்றின் வேகம். காற்றை ஓட வைப்பது சூடு அல்ல, சூட்டில் உள்ள வித்தியாசம். சூடான கடலின் மேல் காற்றழுத்தம் குறைவு, குளிர்ந்த கடலின் மேல் அதிகம். அதிகத்திலிருந்து குறைவை நோக்கிக் காற்று ஓடும். பசிபிக்கில் கிழக்கு குளிர்ச்சி, மேற்கு சூடு என்பதால் நிலநடுக்கோட்டை ஒட்டிக் காற்று கிழக்கிலிருந்து வீசுகிறது. எல் நினோவின்போது கிழக்கும் சூடாகி வித்தியாசம் சுருங்குகிறது, காற்று தளர்ந்துவிடுகிறது. கடல் சூடேறியும் காற்று குறைகிறது! கடல் மிகச் சூடாக இருக்கும் இடங்களில் காற்று மேலே எழுவதால், கடல்மட்டத்தில் பெரும்பாலும் மந்தமாகவே வீசும்.

சரி, அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? காற்றிடமிருந்துதான். வெந்நீரை மேற்கே தள்ளித் தள்ளி, இந்தோனேசியா பக்கம் கடல்மட்டத்தைக் கிழக்கைவிட ஏறக்குறைய அரை மீட்டர் உயர்த்தி வைத்திருப்பது காற்று. கிழக்கில் அடியிலிருந்து குளிர்நீர் மேலேறி வருவதும் அதனால்தான். காற்று தளர்ந்தால் கிழக்கு சூடாகும். கிழக்கு சூடானால் காற்று இன்னும் தளரும். இந்தச் சுழலை 1969-இல் வானிலை அறிவியலாளர் ஜேக்கப் பியர்க்னஸ் விளக்கினார். ஆகவே, "கடல் சூடானதால் காற்று மாறியது" என்று மட்டும் எழுதினால் பாதிக் கதைதான். முழு விஷயத்தின் அழகே இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் இருக்கிறது.

சின்னதாக ஒன்று: காற்றுக்கு அது வரும் திசைதான் பெயர். கொண்டல் கிழக்கிலிருந்து வருவது, வாடை வடக்கிலிருந்து வருவது. கடல் நீரோட்டத்தைச் சொல்லும்போதோ அது போகும் திசையைச் சொல்வார்கள். இதைக் குழப்பினால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

அப்புறம், "எல் நினோ வந்தால் இந்தியாவில் வறட்சி" என்ற பேச்சு. வாய்ப்பு கூடும் என்பது உண்மை, விதி அல்ல. 2002-இல் நடுத்தரமான எல் நினோதான், ஆனாலும் கடும் வறட்சி. 1997-இல் மிகப் பெரிய எல் நினோ, தென்மேற்குப் பருவமழையோ சராசரியை ஒட்டியே பெய்தது. தமிழகத்துக்கு முக்கியமான வடகிழக்குப் பருவமழை எல் நினோ ஆண்டுகளில் கூடுவதுதான் பெரும்பாலும் வழக்கம். சென்னை வெள்ளத்தில் மூழ்கிய 2015-உம் அப்படியோர் ஆண்டே.

பசிபிக்கை மட்டும் பார்ப்பதும் தவறு. 1997-இன் பிற்பகுதியில் சுமத்ரா கரையோரம் கடல் குளிர்ந்தது, ஆப்பிரிக்கா பக்கம் சூடானது. இந்தியப் பெருங்கடலில் நிலநடுக்கோட்டை ஒட்டி அந்தப் பருவத்தில் மேற்கிலிருந்து வீச வேண்டிய காற்று கிழக்கிலிருந்து வீசியது. கிழக்கு ஆப்பிரிக்கா வெள்ளத்தில் தத்தளித்தது.