பழைய மாத்திரை எச்.ஐ.வி.யை அடக்குதாமே? நம்புவதற்கு முன்

இப்படி ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் வந்தால் உடனே பொய் என்று தள்ள வேண்டாம், உடனே நம்பவும் வேண்டாம். ஏ.இசட்.டி. மருந்தே 1964-இல் புற்றுநோய்க்காகச் செய்து, பலிக்காமல் ஓரங்கட்டிய சரக்குதான். 1985-இல் ஆய்வகத்தில் எச்.ஐ.வி. மேல் போட்டுப் பார்த்தார்கள், 1987-இல் அமெரிக்காவில் எச்.ஐ.வி.க்கான முதல் மருந்தாக அனுமதி வாங்கிவிட்டது. ஆனால் அப்படித் தேறாமல் போனவைதான் அதிகம்.

பெரிய தவறு, வைரஸ் குறைந்ததை மட்டும் பார்த்துவிட்டு செல் என்ன ஆனது என்று கேட்காமல் விடுவது. எச்.ஐ.வி. நம் வெள்ளையணுவுக்குள் புகுந்துதான் பெருகும், அந்தச் செல்லையே கொன்றுவிட்டால் வைரஸ் குறையத்தானே செய்யும்? வயலைக் கொளுத்திவிட்டுப் பூச்சி போச்சு என்கிற கதை. அதனால்தான் வைரஸைப் பாதியாகக் குறைக்கும் அளவு எவ்வளவு, செல்களில் பாதியைக் கொல்லும் அளவு எவ்வளவு என்று இரண்டையும் அளக்கிறார்கள். இரண்டும் கிட்டக் கிட்ட இருந்தால் அது மருந்தல்ல, விஷம். (ப்ராஜெக்ட் கிராஃபோடு வரும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது இரண்டாவது எண்ணைத்தான், பாதிப் பேர் முழிப்பார்கள்.)

அப்புறம், ஆய்வகத் தட்டில் ஊற்றிய அளவு மருந்து ரத்தத்தில் சேருமா? டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் என்ற மருந்து ஆய்வகத்தில் வைரஸை நன்றாகத் தடுத்தது, வாய்வழியாகக் கொடுத்தபோது குடல் அதை உறிஞ்சவே இல்லை. சில மருந்துகள் ரத்தப் புரதத்தில் ஒட்டிக்கொண்டு வேலைக்கு ஆகாமல் போய்விடும், மனித சீரம் (ரத்தத்தின் தெளிநீர்) சேர்த்துச் சோதித்தால்தான் அது தெரியும். ஆய்வகத்திலேயே வளர்ந்து பழகிய வைரஸை வைத்து மட்டும் முடிவெடுப்பதும் தப்பு, நோயாளியிடமிருந்து எடுத்தது அவ்வளவு லேசில் மடங்காது.

மலேரியா மாத்திரை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் ஆய்வகத்தில் எச்.ஐ.வி.யைக் குறைத்தது உண்மை. ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து) எடுக்காத நோயாளிகளுக்கு பிரிட்டனில் கொடுத்துப் பார்த்து 2012-இல் வெளியிட்ட ஆய்விலோ, வைரஸ் கூடியது, சி.டி.4 (எச்.ஐ.வி. குறிவைக்கும் வெள்ளையணு) குறைந்தது! அந்த ஆய்வக முடிவை நம்பிப் பெரியாஸ்பத்திரியில் இலவசமாகத் தரும் ஏ.ஆர்.டி. மாத்திரையை யாராவது நிறுத்தினால் என்ன ஆகும் என்று நீங்களே பாருங்கள்.

தலைகீழான தவறும் உண்டு. ஹெபடைடிஸ் பி மருந்தான என்டெகாவிர், ஆய்வக அளவீடுகளை வைத்து, எச்.ஐ.வி.யை ஒன்றும் செய்யாது என்றுதான் கருதப்பட்டது. 2007-இல் பார்த்தால், அது எச்.ஐ.வி.யை அரைகுறையாகத் தாக்கி, லாமிவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்துக்கு மசியாத வைரஸை வளர்த்துவிட்டிருந்தது. ஏ.ஆர்.டி. மையத்தில் பெரும்பாலோருக்குத் தரும் மாத்திரையில் அந்த லாமிவுடினும் இருக்கிறது. அதனால் என்டெகாவிர் எழுதிக் கொடுத்தால், எச்.ஐ.வி. பரிசோதனை செய்தாச்சா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டே ஆரம்பியுங்கள்.