குறுந்தொகைப் பாட்டிலிருந்து ஒரு கதை: சொல் தேர்ந்தெடுப்பது எப்படி?

பிடித்த கவிதையைக் கதையாக்க உட்கார்ந்தால் 'அழகான', 'மிகவும்' என்று பொதுச் சொற்கள்தான் முதலில் வரும். அவற்றை மாற்றும் வழியை, குறுந்தொகை 167ஆம் பாட்டை வைத்துப் பார்ப்போம். கூடலூர் கிழார் பாடியது, ஆறே அடி. புதுக்குடித்தனம் வந்த பெண் தானே குழம்பு வைக்கிறாள். கணவன் 'இனிது' என்று உண்கிறான்.

1. முதலில் வினைச்சொற்களைக் கோடிடுங்கள். தயிரைப் 'பிசைந்த' விரல், அந்த விரலைத் துடைத்த சேலையைத் துவைக்காமலே உடுத்தியிருப்பது, 'துழந்து' அதாவது துழாவிச் சமைத்தது. 'சமைத்தாள்' என்ற ஒற்றைச் சொல்லில் இவை எதுவும் தெரியாது. 'குய்ப்புகை' என்ற சொல்லையும் பாருங்கள். குய் என்றால் தாளிப்பு. வெறும் புகை என்றிருந்தால் விறகுப் புகை என்றுகூட நினைத்துவிடுவோம்.

2. அப்புறம், கதையை நடத்த ஓர் இடம். நான் செட்டிநாட்டைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே மணமான மகனையும் மருமகளையும் அதே வீட்டிலேயே தனி அடுப்பு மூட்டி 'வேறு வைப்பார்கள்'. இந்தப் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை! 'பெரிய வீடு' என்று எழுதாமல் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று பெயர் சொல்லுங்கள். 'வளவில் மழை கொட்டியது' என்றால், அது வானம் பார்த்த முற்றம் என்று வெளியூர்க்காரருக்கும் புரியும்.

3. சரி, மனத்தில் வந்தபடி ஒருமுறை எழுதுங்கள்:

"புதுப்பெண் அருமையாகச் சமைத்தாள். மணம் வீசியது. கணவன் ரசித்துச் சாப்பிட்டான். அவள் மிகவும் மகிழ்ந்தாள்."

4. இப்போது ஒவ்வொரு சொல்லாக மாற்றுங்கள்:

"தயிர் பிசைந்த கையைக் கண்டாங்கி முந்தானையில் துடைத்தாள். கடுகு வெடித்தது, புகை கண்ணைக் கரித்தது. வளவு ஓரமாக இலை போட்டாள். 'நல்லாருக்கு' என்றான். அவள் நிமிரவில்லை. கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றினாள்."

'கண்டாங்கி' செட்டிநாட்டுச் சேலை, அது ஊரைச் சொல்கிறது; 'கரித்தது' வலியைச் சொல்கிறது. காந்தள் விரல், குவளைக் கண் என்ற உவமைகளை நான் எடுக்கவில்லை. அவை கூடலூர் கிழாருடையவை, நம் கதையில் ஒட்டாது.

5. கடைசியாக, உணர்ச்சிச் சொற்களைத் தேடி எடுங்கள். பாட்டில் அவள் முகம் 'நுண்ணிதின்' மகிழ்ந்தது என்றுதான் இருக்கிறது: உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மகிழ்ச்சி. அதனால்தான் 'மிகவும் மகிழ்ந்தாள்' என்பதை அடித்துவிட்டு அந்த இன்னொரு கரண்டியை வைத்தேன்.