முகப்பிலிருந்து அடுப்படிக்கு: சாட் சர்வரை நாமே எழுதுவது

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். போன வருடம் அப்பச்சிக்குச் சதாபிஷேகம் நடந்தபோது, முகப்பில் எத்தனை பேருக்குக் காபி வேண்டும் என்று சொல்ல ஒரு பிள்ளை அடுப்படிக்கு ஓடிக்கொண்டே இருந்தான். உள்கட்டுக்குப் போனால் போனில் சிக்னல் கிடையாது. "சித்தப்பா, நாமே ஒரு சாட் சர்வர் எழுதிடுவோமா?" என்று கேட்டாள் கணினி படிக்கும் அண்ணன் மகள். ஒருவர் அனுப்பும் செய்தியை வாங்கி மற்ற எல்லாருக்கும் கடத்தும் நிரல் அது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதினோம்.

லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப், பைத்தான், ஒரு வைஃபை ரூட்டர், இவ்வளவுதான் தேவை. இன்டர்நெட் வேண்டாம். பைத்தானோடு வரும் சாக்கெட் (இணைப்பின் முனை), செலக்டர்ஸ் (எந்த இணைப்பில் வேலை இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது) என்ற இரண்டு மாட்யூல்களே போதும்.

முதலில் ஒரு டிசிபி (பைட்டுகளை வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும் முறை) சாக்கெட் திறந்து, 5000 போன்ற ஒரு போர்ட்டில், அதாவது கதவு எண்ணில், பைண்ட் செய்து (கட்டி), லிஸன் (காத்திரு) சொல்லுங்கள். முகவரி 0.0.0.0 என்று இருக்கட்டும். 127.0.0.1 என்று போட்டால் அந்த லேப்டாப்பைத் தவிர வேறு யாரும் நுழைய முடியாது. பைண்டுக்கு முன்னாலேயே ரீயூஸ்-அட்ரஸ் அமைப்பைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் சர்வரை நிறுத்தி உடனே ஓட்டும்போது போர்ட் இன்னும் பிடிபட்டிருக்கிறது என்று பிழை வரும்.

லிஸன் செய்யும் சாக்கெட் வாசலில் நிற்கிற ஆள் மாதிரி. அது யாரிடமும் பேசாது. ஒருவர் வந்ததும் அக்செப்ட் அழைத்தால், அவருக்கென்று தனி சாக்கெட் கிடைக்கும். அதை நான்-பிளாக்கிங் (ஒருவருக்காக நிரல் காத்து நிற்காதபடி) ஆக்கி செலக்டரில் பதிந்துகொள்ளுங்கள். ஆளுக்கு மூன்று விஷயம் வைத்துக்கொள்ள வேண்டும்: பெயர், வந்து சேர்ந்த பைட்டுகள், போகவேண்டிய பைட்டுகள். முதல் வரியாக அவர் அனுப்புவதே பெயர். ஆளுக்கு ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் இழை) என்றும் எழுதலாம். ஆனால் ஒரே பட்டியலைப் பல த்ரெட்கள் தொடும்போது பூட்டுப் போட வேண்டிவரும். முப்பது நாற்பது பேருக்கு ஒரே த்ரெட் தாராளம்.

இனிமேல்தான் முக்கியமான இடம். ஒரு செய்தி எங்கே முடிகிறது என்பது டிசிபிக்குத் தெரியாது. அதற்கு எல்லாமே தொடர்ந்து வரும் பைட்டுகள்தான். நீங்கள் ஒரே வரியாக அனுப்பியது இரண்டு துண்டாக வரலாம், இரண்டு வரி ஒட்டிக்கொண்டும் வரலாம். இங்கிலீஷில் மட்டும் சோதித்தால் இந்தக் கோளாறு நெடுநாள் ஒளிந்திருக்கும். தமிழ் உடனே காட்டிக்கொடுத்துவிடும். 'பணியாரம்' கண்ணுக்கு ஐந்து எழுத்து, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் எட்டுக் குறி, அந்த எண்களை பைட்டாக எழுதும் யூடிஎஃப்-8இல் 24 பைட். குறிக்கு மூன்று பைட். ப என்றால் 224, 174, 170. நாங்கள் 1024 பைட்டாக வாங்கி, வாங்கியதை அப்படியே எழுத்தாக மாற்றினோம். 1024ஐ மூன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்சுமே! அண்ணி பலகாரப் பட்டியல் முழுவதையும் ஒரே வரியாக அனுப்பியதும், ஓர் எழுத்து நடுவில் அறுந்து, டிகோட் பிழை வந்து, சர்வரே நின்றுபோனது.

தீர்வு எளிது. வந்ததை எழுத்தாக மாற்றாமல் பைட்டாகவே அந்த ஆளின் கணக்கில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். அதில் புதுவரிக் குறியான 10 எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதுவரை வெட்டி எடுத்து, அப்புறம் மாற்றுங்கள். மிச்சம் அங்கேயே கிடக்கட்டும். தமிழ் எழுத்தின் எந்த பைட்டும் 128க்குக் கீழே வராது. அதனால் ஓர் எழுத்துக்குள் 10 ஒளிந்திருக்க வழியே இல்லை. சில நிரல்கள் 10க்கு முன்னால் 13 சேர்த்து அனுப்பும், அதை உதறிவிடுங்கள். 1988இல் பின்லாந்தில் யார்க்கோ ஒய்க்கரினென் எழுதிய ஐஆர்சி என்ற சாட் முறையும் வரி முடிவை வைத்துத்தான் செய்திகளைப் பிரிக்கிறது. அதில் ஒரு செய்திக்கு 512 பைட் உச்சவரம்பு. நீங்களும் ஒரு வரம்பு வையுங்கள். நாங்கள் 4096 வைத்தோம். புதுவரியே இல்லாமல் அதைத் தாண்டினால் இணைப்பை மூடிவிடுவோம்.

வெட்டிய வரிக்கு முன்னால் பெயரைச் சேர்த்து, மற்ற எல்லாருடைய 'போகவேண்டியது' கணக்கிலும் போடுங்கள். செண்ட் அழைத்தால், எத்தனை பைட் போனது என்று எண் திரும்ப வரும். அவ்வளவை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள். எழுதத் தயாரா என்று செலக்டரிடம் கேட்பது, அனுப்ப ஏதாவது இருக்கும்போது மட்டும். சும்மாவே கேட்டால் லூப் நிற்காமல் சுற்றி லேப்டாப் கொதிக்கும்.

பைட்டுகளை வாங்கும் ரெசீவ் வெறுமையாகத் திரும்பினால் ஆள் போய்விட்டார் என்று பொருள். உடனே சாக்கெட்டை மூடி, பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆனால் வளவை (உள்முற்றத்தை) தாண்டி இரண்டாம் கட்டுக்குள் போனவரை வைஃபை சத்தமில்லாமல் கைவிடும். எங்கள் வீட்டுச் சுவர் அத்தனை கனம். சர்வருக்குச் செய்தியே வராது, அவர் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். எதிராள் இருக்கிறாரா என்று அவ்வப்போது எட்டிப் பார்க்கும் கீப்-அலைவ் போட்டால் மட்டும் போதாது, லினக்ஸில் அது முதல் தடவை எட்டிப் பார்ப்பதே 7200 விநாடி கழித்துத்தான். அதை 30 ஆகக் குறையுங்கள். அனுப்பியதற்குப் பதில் வராத இணைப்புக்கு யூசர் டைம்-அவுட் 60 விநாடி வையுங்கள்.

சோதனைக்கு லேப்டாப்பில் நெட்கேட் (சர்வரோடு நேரே பேச உதவும் நிரல்), போனில் டெர்மக்ஸ் (ஆண்ட்ராய்டில் லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் செயலி). அத்தோடு ஒரு சின்ன நிரல் எழுதி, 'பணியாரம்' என்பதை ஒவ்வொரு பைட்டாக, நடுவில் அரை விநாடி விட்டு அனுப்பிப் பாருங்கள். 24 பைட்டும் புதுவரியும் போய்ச் சேரும்வரை அடுப்படித் திரையில் எதுவும் வரக்கூடாது. அப்புறம் சொல் முழுசாக, ஒரே தடவையில் வந்து நிற்க வேண்டும்.