மலையில் இன்டேக் கேஸ்கெட் மாற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களில் பலர், ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி இறங்கினாலும் இழுவை குறைந்தாலும், "மேலே காற்று கம்மி, வண்டி அப்படித்தான் ஓடும்" என்று விட்டுவிடுகிறார்கள். எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டு எஞ்சினோடு சேரும் இடத்தில் காற்று கசியாமல் அடைப்பதுதான் இன்டேக் கேஸ்கெட். அதன் விஷயத்தில் முதல் தவறு அதுதான். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கே என்பதால், இழுவை குறைவது இயல்புதான். ஆனால், நேற்று வரை சீராக இருந்த ஐடிலிங்கை உயரம் இன்று கெடுக்காது; மேனிஃபோல்டு ஓரத்தில் 'உஸ்' என்ற சத்தத்தையும் எழுப்பாது. அந்த அறிகுறிகள் தெரிந்தால், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைத் தாண்டி எங்கோ ஓரிடத்தில் எஞ்சின் கணக்கில் வராத காற்றை உறிஞ்சுகிறது என்று பொருள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. நல்ல எஞ்சின் ஐடிலிங்கில், மேனிஃபோல்டின் உறிஞ்சலை அளக்கும் வேக்கம் கேஜில் 18 முதல் 22 அங்குலம் (பாதரச அளவில்) வரை வேக்கம் காட்ட வேண்டும் என்று கையேடுகள் சொல்வது கடல் மட்டத்துக்கான அளவு. ஒவ்வொரு 1,000 அடி ஏற்றத்துக்கும் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். மேட்டுப்பாளையத்தில் 19 காட்டிய எஞ்சின் ஊட்டியில் 13 அளவில் காட்டினால் அதில் குறை ஒன்றும் இல்லை. இதை அறியாமல், நன்றாக இருக்கும் கேஸ்கெட்டைக் கழற்றிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கேஜின் முள் எந்த எண்ணில் நிற்கிறது என்பதைவிட, ஆடாமல் நிற்கிறதா என்பதே முக்கியம்.

கசிவு எங்கே என்று உறுதி செய்யாமல் ஸ்பேனரை எடுக்கக் கூடாது. வெடிப்பு விட்ட ஒரு ரப்பர் ஹோஸும் இதே அறிகுறிகளைக் காட்டும். அதை மாற்ற ஐந்து நிமிடம் போதும். கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்ப்பது வழக்கம் என்றாலும், அது எளிதில் தீப்பிடிக்கும் திரவம். பல எஞ்சின்களில் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அருகிலேயே இருக்கிறது. செடிக்குத் தெளிக்கும் பாட்டிலில் தண்ணீர் எடுத்து, மின் இணைப்புகளில் படாமல் கேஸ்கெட் ஓரமாகத் தெளித்தாலே, கசியும் இடம் வந்ததும் எஞ்சின் சத்தம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

புதிய கேஸ்கெட் கைக்கு வரும் முன் எஞ்சினைத் திறக்காதீர்கள். இங்குள்ள கடையில் இல்லாவிட்டால் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். அதுவரை எஞ்சினுக்குள் காற்று போகும் துளைகளான போர்ட்டுகள் திறந்தபடி பனியிலும் ஈரத்திலும் கிடக்கும். பழையதையே திரும்பப் போடுவதும் வேண்டாம். எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, ஃபியூயல் லைனின் அழுத்தத்தை இறக்கிவிட்டுத் தொடங்குங்கள். ஊட்டியில் தண்ணீர் ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கூலண்ட் சீறிக்கொண்டு முகத்தில் அடிக்கும்.

நான் செய்த பெரிய தவறு சுரண்டும்போது நேர்ந்தது. ஒட்டிக் கிடந்த பழைய கேஸ்கெட்டை ஸ்க்ரூ டிரைவர் முனையால் நெம்பினேன். இரண்டாவது, மூன்றாவது போர்ட்டுகளுக்கு இடையே அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தது. கண்ணுக்கு மயிரிழை போலத்தான் தெரிந்தது, ஆனால் நகத்தால் தடவினால் தட்டியது. புதிய கேஸ்கெட்டும் அதே கீறல் வழியாகக் காற்றை விட்டதால் மொத்த வேலையையும் மறுபடி செய்ய நேர்ந்தது. பிளாஸ்டிக் சுரண்டி, தின்னரில் நனைத்த துணி, பொறுமை ஆகியவை போதும். மின் கருவியில் உப்புத்தாள் சக்கரம் மாட்டித் தேய்க்கவே வேண்டாம். அதன் துகள் உள்ளே போனால் சிலிண்டரையும் பேரிங்கையும் அரித்துவிடும். சுரண்டும் முன் ஒவ்வொரு போர்ட்டிலும் துணியை அடைத்து, எத்தனை துணி அடைத்தோம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே விழுந்த கேஸ்கெட் துணுக்கைக் காந்தத்தால் எடுக்க முடியாது.

சந்தேகத்துக்குக் கேஸ்கெட்டின் மேல் சிலிக்கான் பசை தடவுவது உதவியன்று, கேடு. பெட்ரோல் பட்டால் சாதாரண சிலிக்கான் ஊறி இளகும். பிதுங்கிய பகுதி பிய்ந்து உள்ளே போகும். கையேடு குறிப்பிடும் இடம் தவிர வேறெங்கும் அதைப் பூசக் கூடாது. நேரான பட்டையை வைத்து மேனிஃபோல்டு முகம் வளைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

முறுக்குவதில் அவசரம் கூடாது. எல்லா போல்ட்டுகளையும் முதலில் கையால் ஏற்றி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மாறி மாறி, இரண்டு மூன்று தவணைகளில், கையேட்டின் அளவுக்கு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். ஒரு கோடியிலிருந்து வரிசையாக முறுக்கினால் மறு கோடி தூக்கிக்கொள்ளும். கைபலத்தை நம்பினால் அலுமினியத்தில் மரை உரிந்துவிடும்.

மலைவாசிகள் ஒருபோதும் தவறவிடக் கூடாதது பிரேக் பூஸ்டர் ஹோஸ். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பிரேக்குக்கு உதவும் வேக்கம் இந்த மேனிஃபோல்டிலிருந்தே போகிறது. உயரத்தால் அது ஏற்கெனவே குறைந்திருக்கும் இடத்தில் ஹோஸும் சரியாக மாட்டாமல் போனால் பெடல் கல்லாக இறுகிவிடும். எஞ்சினை அணைத்த நிலையில் பெடலை நான்கைந்து முறை அழுத்தி, அப்படியே மிதித்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தால், பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும். அது இறங்கி, சமதளத்தில் சிறிது தூரம் ஓட்டிப் பிரேக் பிடிப்பதைப் பார்த்துக்கொள்ளும் வரை, வண்டியைக் கல்லட்டி மலைப்பாதையின் 36 வளைவுகள் பக்கமோ பர்லியார் மலைப்பாதை பக்கமோ இறக்காதீர்கள்.