சூடு தாங்கும் கையுறையை வேலைக்குக் கொடுக்கும் முன் சோதிப்பது எப்படி?

எங்கள் பேக்கரிக்குக் கையுறை வாங்கியபோது, அதன் முத்திரையில் முதல் இலக்கம் 4 என்று இருந்ததைப் பார்த்து நிறைவடைந்துவிட்டேன். ஓவனிலிருந்து பன் தட்டை எடுத்த உதவியாளர், ரேக்கை எட்டும் முன்பே விரல் சுட்டுத் தட்டைக் கீழே விட்டார். தீப்பிடிக்காமல் இருப்பது வேறு, சூட்டைக் கடத்தாமல் இருப்பது வேறு என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

முதலில் முத்திரையைப் படியுங்கள். ஐரோப்பியத் தரமான இஎன் 407-இன்படி தீச்சுடர் படத்தின் கீழே ஆறு இலக்கங்கள் இருக்கும். முதலாவது தீப்பற்றும் தன்மையையும், இரண்டாவது தொடுசூட்டையும் குறிக்கும். தட்டு தூக்குபவருக்கு இரண்டாவதுதான் முக்கியம். அதில் 1 என்றால் 100 டிகிரி செல்சியஸ், 2 என்றால் 250, 3 என்றால் 350, 4 என்றால் 500. அந்தச் சூட்டைத் தொட்ட பிறகு உட்புற வெப்பம் 10 டிகிரி உயர்வதற்குக் குறைந்தது 15 விநாடி ஆக வேண்டும். எக்ஸ் என்று இருந்தால் அந்தச் சோதனை செய்யப்படவில்லை என்று பொருள்.

இனி நம் சோதனை. இது ஆய்வகச் சான்றுக்கு ஈடாகாது. இரண்டு கையுறைகளை ஒப்பிடுவதற்குப் போதும். கனமான இரும்பு தோசைக்கல், கே வகைத் தெர்மோகப்பிள் (முனையில் வெப்பத்தை உணரும் கம்பி) பொருத்திய மல்டிமீட்டர், உள்ளங்கையில் பாதி அளவுள்ள மரத்துண்டு, 2 கிலோ டம்பெல், ஸ்டாப்வாட்ச் ஆகியவை தேவை. தெர்மோகப்பிளில் கண்ணாடி இழை உறை போட்டதையே வாங்குங்கள். பிளாஸ்டிக் உறை இளகிவிடும். துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானியைக் கறுத்த தோசைக்கல்லுக்கு மட்டும் நம்பலாம். பளபளக்கும் எவர்சில்வர் தட்டின் சூட்டை அது மிகவும் குறைத்துக் காட்டும்.

கல்லை 200 டிகிரிக்குச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிடுங்கள். எரியும் சுடரின் அருகே கையுறையைக் கொண்டுபோகக் கூடாது. கனமான கல் தேவையான நேரத்துக்குச் சூட்டைப் பிடித்துக்கொள்ளும்.

நான் தடுமாறியது அடுத்த படியில்தான். தெர்மோகப்பிள் முனையைக் கையுறைக்குள் சும்மா நுழைத்து, கையுறையைக் கல்மேல் கிடத்தினேன். 40 விநாடி கடந்தும் வெப்பம் ஏறவில்லை. ஆனால் அதே கையுறைதான் உதவியாளரின் விரலைச் சுட்டிருந்தது. முனை காற்றில் தொங்கியதும், மேலே அழுத்தம் இல்லாததுமே காரணம். கை தட்டைப் பிடிக்கும்போது உட்துணி நசுங்கி, அதிலிருக்கும் காற்று வெளியேறிவிடுகிறது. சூட்டைத் தடுப்பது பெரும்பாலும் அந்தக் காற்றுதான். ஆகவே முனையை உள்ளங்கைப் பகுதியின் உட்துணியோடு ஒட்டி வைத்து, அதன்மேல் மரத்துண்டைச் செருகி, கையுறையைக் கல்மேல் வைத்தவுடன் மேலே டம்பெல்லை நிறுத்துங்கள். ஆய்வகத்திலும் ஏறத்தாழ 5 கிலோ எடைக்கு நிகரான விசையால் அழுத்தித்தான் அளக்கிறார்கள். இவ்வாறு அளந்தபோது என் கையுறை 9 விநாடிதான் தாங்கியது. சோதனையின்போது கையை உள்ளே விடவே கூடாது.

தொடக்க வெப்பத்தைக் குறித்துக்கொண்டு, அது 10 டிகிரி ஏறும்வரை நேரம் பாருங்கள். ஆறவிட்டு மூன்று முறை செய்து, மிகக் குறைந்த நேரத்தையே கணக்கில் கொள்ளுங்கள். தட்டை எடுத்து வைக்க ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்காவது தாங்காத கையுறையை நான் ஏற்பதில்லை. என் தேர்வு, தடித்த பருத்தி உட்துணி வைத்த அராமிட் (சூடு தாங்கும் செயற்கை இழை) பின்னல். நைலான் கலந்த மலிவான உட்துணி சூட்டில் உருகித் தோலில் ஒட்டக்கூடும். பழைய கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கையுறை கிடைத்தால் அதைச் சோதிக்கவே வேண்டாம். அதன் இழைகள் நுரையீரலுக்குக் கேடு.

பின்சேர்க்கை: உலர்ந்த நிலையில் தேறிய கையுறை வேலையில் சுடுகிறது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்ததில், பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு அவர் அதை அணிந்திருக்கிறார். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். உள்ளே ஆவியும் சேர்ந்துவிடும். ஓவன் அருகே ஒரு மாற்று ஜோடியை உலர்த்தி வையுங்கள். துவைத்த ஒவ்வொரு முறையும் தையலையும் கட்டைவிரல் இடுக்கையும் பார்த்துவிட்டு, மறுபடி அளந்து பாருங்கள்.